மெக்கோனியம் இருந்தாலே பி24.01 போடலாமா? ஆடிட்டில் எரர் விழுந்த ஒரு நியூபார்ன் சார்ட்

சார்ட்_தேனீ

வணக்கம் மக்களே. அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டுகளுக்கு மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் போடுறது) பண்றேன். ஈடி (எமர்ஜென்சி), ரேடியாலஜின்னு ஓட்டிட்டு இருந்தவன், இப்பதான் ஐபி-டிஆர்ஜி டீமுக்கு (உள்நோயாளி சார்ட்; டிஆர்ஜின்னா கோடை வச்சுப் பணம் முடிவாகிற குரூப்) வந்திருக்கேன். ஒரு நியூபார்ன் சார்ட்டுக்கு எரர் போட்டுட்டாங்க. ரிபட்டல் (ஆடிட்டுக்கு மறுப்பு) அனுப்ப நாளை மதியம் வரைக்கும்தான் டைம். அனுப்பலாமா, வாயை மூடிட்டு இருக்கலாமான்னு சொல்லுங்க.

ஆளை அடையாளம் காட்டுற எதுவும் இதுல இல்ல. விஷயம் மட்டும்: 41 வாரம், வெஜைனல் டெலிவரி. பனிக்குடம் உடைஞ்சப்பவே கெட்டியான மெக்கோனியம் (குழந்தையோட முதல் மலம்). பிறந்ததும் குழந்தை துவண்டு கிடந்துச்சு, அழல. ஆப்கார் (பிறந்ததும் போடுற நிலை மதிப்பெண்) 4, அப்புறம் 7. பிபிவி (அழுத்தம் குடுத்து மூச்சு ஊட்டுறது) குடுத்திருக்காங்க. என்ஐசியூல (பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) 6 மணி நேரம் சிபாப் (மூக்கு வழியா தொடர் காற்றழுத்தம்), அதுக்கப்புறம் ரூம் ஏர். எக்ஸ்ரேல ரேடியாலஜிஸ்ட் "திட்டுத்திட்டா ஒபாசிட்டி, ஆஸ்பிரேஷனா இருக்கலாம், தங்கின நீராவும் இருக்கலாம்"னு எழுதியிருக்கார். முதல் நாள் ப்ரோக்ரஸ் நோட்ல நியோனேட்டாலஜிஸ்ட் "லைக்லி எம்ஏஎஸ், டிடிஎன் பார்க்கணும்"னு (எம்ஏஎஸ்னா மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் சிண்ட்ரோம், மெக்கோனியம் நுரையீரலுக்குள்ள போறது; டிடிஎன்னா நுரையீரல்ல தங்கின நீரால வர்ற தற்காலிக மூச்சிரைப்பு). டிஸ்சார்ஜ் சம்மரியில "ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ், சரியாகிவிட்டது. மெக்கோனியம் கலந்த நீர்." அவ்வளவுதான்.

நான் இசட்38.00 (இங்க வெஜைனலா பிறந்த ஒற்றைக் குழந்தை), பி24.01 (திணறலோட மெக்கோனியம் ஆஸ்பிரேஷன்) போட்டேன். ஆடிட்டர் பி24.01-ஐ எடுத்துட்டு பி22.9-உம் (வெறும் ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ்) பி96.83-உம் (மெக்கோனியம் ஸ்டெய்னிங்) போட்டிருக்காங்க. கமெண்ட்ல "ஆஸ்பிரேஷன் டாக்குமெண்ட் ஆகல"ன்னு ஒரே வரி. மெக்கோனியம் இருக்கு, திணறல் இருக்கு, எக்ஸ்ரே இருக்கு, "லைக்லி"யும் இருக்கு. இன்பேஷண்ட்ல லைக்லின்னு இருந்தா, நோய் இருக்கிற மாதிரியே கோட் பண்ணலாம்னுதானே சொல்லிக் குடுத்தாங்க? இதுக்கு மேல என்ன வேணும்?

டார்கெட்_தாண்டவம்

ப்ரோ, 41 வாரம் + கெட்டி மெக்கோனியம் + சிபாப். இது எம்ஏஎஸ் இல்லாம வேற என்ன? தாராளமா ரிபட்டல் போடுங்க. எங்க டீம்ல இப்படித்தான் போடுறோம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

சிவப்பு_மை

தாண்டவம், "யாரும் கேட்டதில்ல"ன்னா அது சரின்னு அர்த்தம் இல்ல, அந்த சார்ட் இன்னும் சாம்பிள்ல சிக்கலன்னு அர்த்தம்.

தேனீ தம்பி, நான் பல வருஷமா ஐபி ஆடிட் பண்றவ. பி24.01-ஐ உங்க ஆடிட்டர் எடுத்தது சரி. அதுக்குப் பதிலா போட்டதுல ஒண்ணு இடிக்குது. ஆனா ரெண்டு பேரும் செய்யாம விட்ட வேலைதான் பெருசு. வரிசையா வர்றேன்.

"லைக்லி" விதி எல்லா நோட்டுக்கும் பொருந்தாது. கைட்லைன்ல செக்‌ஷன் 2-எச் எடுத்துப் படிங்க. சந்தேக நிலையில் இருக்கிற டயக்னோசிஸ் டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்துல அப்படியே நின்னாதான் இருக்கிற மாதிரி கோட் பண்ணலாம். உங்க சார்ட்ல "லைக்லி எம்ஏஎஸ்" முதல் நாளோட நின்னுபோச்சு. சம்மரியில டாக்டர் அதைத் தொடவே இல்ல. விட்டுட்டாரா, மறந்துட்டாரா, இல்ல எம்ஏஎஸ் இல்லைன்னே முடிவு பண்ணிட்டாரா, நமக்குத் தெரியாது. சம்மரியிலயே "எம்ஏஎஸ் அல்லது டிடிஎன்"னு ரெண்டையும் எழுதியிருந்தா கதையே வேற, அப்ப 2-டி விதிப்படி ரெண்டையும் கோட் பண்ணலாம்.

எக்ஸ்ரேயும் அப்படித்தான். ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் வச்சு இன்பேஷண்ட்ல டயக்னோசிஸ் ஏத்த முடியாது. குழந்தையைப் பார்க்கிற ப்ரொவைடர் அதை எடுத்து எழுதணும். நீங்க ஈடி, ரேடியாலஜியில இருந்து வந்ததால அங்க பழகின கை தானா ஓடுது. அவுட்பேஷண்ட்ல ரேடியாலஜிஸ்டோட இம்ப்ரெஷனை எடுக்கலாம், ஆனா லைக்லியை எடுக்கக் கூடாது. இங்க அப்படியே தலைகீழ்.

இப்ப ஆடிட்டர் போட்ட பி96.83. அது மெக்கோனியம் ஸ்டெய்னிங். குழந்தையோட தோல், நகம், தொப்புள்கொடி கறையேறி இருந்ததா நோட்ல இருக்கணும். பிரசவ நேரத்துல நீர்ல மெக்கோனியம் வந்ததுன்னா அது பி03.82. ரெண்டுக்கும் நடுவுல எக்ஸ்க்ளூட்ஸ்1 இருக்கு, சேர்த்துப் போட முடியாது. பி24.00 (திணறல் இல்லாத மெக்கோனியம் ஆஸ்பிரேஷன்), பி24.01 ஏறினாலும் இந்த ரெண்டும் வெளிய போயிடும். நீங்க எழுதினதுல நீரைப் பத்தி மட்டும்தான் இருக்கு, கறையைப் பத்தி எதுவும் இல்ல. அந்த ஒரு பாயிண்டுக்கு ரிபட்டல் போடலாம்.

இன்னொண்ணு, 41 வாரம்னு சொல்றீங்க. 40 வாரம் முடிஞ்சு 42 வரைக்கும் போஸ்ட்-டெர்ம் நியூபார்ன், பி08.21. அதை நீங்களும் போடல, ஆடிட்டரும் போடல. ஆஸ்பிரேஷனுக்கு மல்லுக்கட்டுற நேரத்துல கண்ணுக்கு நேரா இருக்கிறது போயிடுது.

சார்ட்_தேனீ

நன்றி மேடம். ஆனா ஒண்ணு. தாயோட சார்ட்ல ஓ77.0 (பனிக்குட நீர்ல மெக்கோனியம்) இருக்கு. நர்ஸ் நோட்ல "மெக்கோனியம் சக்‌ஷன் பண்ணப்பட்டது"ன்னு தெளிவா இருக்கு. சிஏசி (கோட் சஜஸ்ட் பண்ற) சாஃப்ட்வேரே "ஆஸ்பிரேட்டட்"ங்கிற வார்த்தையை மஞ்சள் அடிச்சு பி24-ஐ சஜஸ்ட் பண்ணுச்சு. இத்தனையும் சேர்ந்தா கூடவா பத்தாது?

வார்டு_டு_கோடிங்

இதுக்கு நான் பதில் சொல்றேன். கோடிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி என்ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன்.

"மெக்கோனியம் சக்‌ஷன்"னு நாங்க எழுதினா பெரும்பாலும் வாயிலயும் மூக்குலயும் இருந்ததை எடுத்தோம்னுதான் அர்த்தம். வாயில இருக்கிறது நுரையீரலுக்குள்ள போச்சுன்னு அதை வச்சு யாரும் சொல்ல முடியாது. சிஏசி மஞ்சள் அடிச்ச வரியை முழுசா படிச்சுப் பாருங்க. "ஓஜி ட்யூப் வழியா வயிற்றிலிருந்து 5 மிலி பச்சை நீர் ஆஸ்பிரேட்டட்"னு இருக்கும் (ஓஜின்னா வாய் வழியா வயிற்றுக்குப் போடுற ட்யூப்), பந்தயம். அது நாங்க சிரிஞ்சுல உறிஞ்சி எடுத்தது. குழந்தை மூச்சுல இழுத்தது இல்ல. சாஃப்ட்வேருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

முன்னாடி இந்தக் குழப்பம் இவ்வளவு இல்ல. துவண்டு பிறக்கிற மெக்கோனியம் பேபின்னா உடனே இன்ட்யூபேட் பண்ணி, மூச்சுக்குழாயில நேரடியா சக்‌ஷன் குடுப்பாங்க. கீரைக் கடைசல் மாதிரி ஒண்ணு ட்யூப்ல ஏறி வரும். டாக்டர் "குரல்நாணுக்குக் கீழே மெக்கோனியம் இருந்தது"ன்னு எழுதிடுவார். ஆதாரம் கையில இருந்துச்சு. 2015 அக்டோபர்ல வந்த அமெரிக்க ரிசசிடேஷன் வழிகாட்டுதல் அந்த வழக்கத்தை நிறுத்திடுச்சு. துவண்ட குழந்தைக்கும் இப்ப முதல்ல வென்டிலேஷன்தான், மூச்சுப்பாதை அடைச்சிருக்குன்னு தெரிஞ்சாதான் உள்ள ட்யூப் போகும். அதே 2015 அக்டோபர்லதான் அங்க ஐசிடி-10-சிஎம்மும் (நாம போடுற நோய்க் கோட் தொகுப்பு) அமலுக்கு வந்துச்சுங்கிறது தற்செயல். ஆனா கோடர் பக்கத்துல இருந்து பார்த்தா, ஐந்தாவது எழுத்து "அறிகுறி உண்டா இல்லையா"ன்னு கேட்குது; உள்ள போச்சா இல்லையான்னு நேர்ல பார்த்த சாட்சியே நோட்ல குறைஞ்சுபோச்சு.

பி24.00 இப்ப அபூர்வமா வர்றதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். உள்ள இழுத்திருக்கு, ஆனா திணறலே இல்லைன்னு சொல்லணும்னா யாராவது உள்ள பார்த்திருக்கணும்ல?

சிவப்பு_மை

அருமை. தாயோட சார்ட் பத்தி நான் சேர்க்கிறேன். ஓ77.0 அம்மாவுக்கு மட்டும். சாப்டர் 16 (பி-ல தொடங்குற கோட்கள்) குழந்தைக்கு மட்டும். அம்மா ஃபைல்ல இருந்து எடுத்துக் குழந்தைக்கு ஏத்தறது கூடாது. குழந்தையோட ப்ரொவைடர் குழந்தையோட ரெக்கார்டுல எழுதினாதான் செல்லும்.

பச்சிளம்_வார்டு

நான் கோடர் அல்ல, இங்கே ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர். தங்கை கோடிங்கில் இருப்பதால் இந்தப் பக்கம் அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். மருத்துவர் ஏன் அப்படி எழுதுகிறார் என்று மட்டும் சொல்கிறேன்.

பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 15-இல் நீரில் மெக்கோனியம் கலந்திருக்கும். அந்தக் குழந்தைகளிலும் ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்குத்தான் எம்ஏஎஸ் வருகிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, அல்லது திணறல் வேறு காரணத்தால் வருகிறது. ஆகவே "மெக்கோனியம் + திணறல் = எம்ஏஎஸ்" என்ற கணக்கு வார்டில் செல்லாது. மெக்கோனியம் கலந்த நீரில் பிறந்து, திணறல் இருந்து, அதற்கு வேறு விளக்கம் இல்லாதபோதுதான் அந்தப் பெயரை வைக்கிறோம். "வேறு விளக்கம் இல்லை" என்பதற்கு டிடிஎன், நிமோனியா, செப்சிஸ், இதயக் கோளாறு எல்லாம் தள்ளப்பட வேண்டும். முதல் மணி நேரத்தில் அது முடியாது. அதனால்தான் முதல் நாள் நோட்டில் "லைக்லி" வருகிறது.

எம்ஏஎஸ் குழந்தையின் எக்ஸ்ரேயில் திட்டுகளோடு நுரையீரல் அளவுக்கு மீறி விரிந்திருக்கும். மெக்கோனியம் சிறு குழாய்களைப் பாதி அடைத்து, காற்றை உள்ளே விட்டு வெளியே விடாது. நுரையீரல் சுருங்காமல் காக்கும் சர்ஃபாக்டன்டையும் கெடுக்கும். தீவிரமான குழந்தைகள் பிபிஎச்என்-க்கு (நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் குறையாத நிலை) போய் நைட்ரிக் ஆக்சைடு வரை தேவைப்படும். 6 மணி நேர சிபாப்பில் தெளிந்து ரூம் ஏருக்கு வந்த குழந்தை லேசான எம்ஏஎஸ் ஆகவும் இருக்கலாம், டிடிஎன் ஆகவும் இருக்கலாம். படுக்கையருகில் இருந்தவர்தான் சொல்ல முடியும். சம்மரி எழுதும் வேளையில் குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும், வெளியே இன்னொரு பிரசவத்துக்குக் கூப்பிடுவார்கள், "டிஸ்ட்ரெஸ் சரியாகிவிட்டது" என்று முடித்துவிடுவோம். பெற்றோருக்கும் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கும் அது போதும். உங்களுக்குப் போதாது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 தான். அதில் பி24.0 என்பதோடு முடிந்துவிடும். அறிகுறி உண்டா இல்லையா என்று கேட்கும் ஐந்தாவது எழுத்து அமெரிக்கர்கள் சேர்த்தது.

டார்கெட்_தாண்டவம்

டாக்டர் சார் சொல்றது நியாயம்தான். ஆனா ஒரு நாளைக்கு இத்தனை சார்ட்னு டார்கெட் வச்சிட்டு, ஒவ்வொண்ணுக்கும் க்வெரி (டாக்டர்கிட்ட விளக்கம் கேட்கிற கடிதம்) போட்டா ப்ரொடக்‌ஷன் என்ன ஆகும்? க்வெரி போட்ட சார்ட் ஹோல்டுல கிடக்கும், டீம் லீட் நம்ம தலைய உருட்டுவார்.

சிவப்பு_மை

அது நிஜமான பிரச்சனைதான், மறுக்கல. ஆனா பணம் எங்க போகுதுன்னும் பாருங்க. எம்எஸ்-டிஆர்ஜி-ல டெர்ம் பேபிக்கு பி24.01 ஏறினா 793-க்கு இழுக்கும், மேஜர் ப்ராப்ளம் உள்ள குழந்தை. பி22.0 (ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம், ஆர்டிஎஸ்) ஏறினா நேரா 790. அமெரிக்காவில் பத்துப் பிரசவத்துக்கு நாலு மெடிக்கெய்ட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு காப்பீடு) பணத்துல நடக்குது. பல மாநிலங்கள்ல மெடிக்கெய்ட் ஏபிஆர்-டிஆர்ஜி-ல (இன்னொரு டிஆர்ஜி முறை) ஓடுது, அங்க ஒரு கோட் சிவியாரிட்டி லெவலையே நகர்த்திடும். 6 மணி நேர சிபாப், அதுக்கப்புறம் ரூம் ஏர், சம்மரியில பேரே இல்லாத எம்ஏஎஸ். எந்த பேயரா (பணம் கட்டுற காப்பீடு) இருந்தாலும் க்ளினிக்கல் வேலிடேஷன்ல (நோய் நிஜமா இருந்ததான்னு பார்க்கிற சோதனை) தூக்கி எறிவான். அப்ப பதில் சொல்லப்போறது டீம் லீட் இல்ல, சார்ட்ல யாரோட ஐடி இருக்கோ அவங்கதான்.

பி22.0-னு சொன்னதும் ஞாபகம் வருது. சில டாக்டர்கள் திணறலைச் சுருக்கி "ஆர்டிஎஸ்"னு எழுதுவாங்க. 41 வாரக் குழந்தைக்கு ஆர்டிஎஸ்னு பார்த்தா கை தானா பி22.0-க்குப் போகக் கூடாது. வெறும் ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ்னா பி22.9. டைப் 2 ஆர்டிஎஸ்னு எழுதியிருந்தா அது டிடிஎன்னோட பி22.1-ல உட்காரும். "எஸ்"ங்கிற ஒத்தை எழுத்துல ஒரு டிஆர்ஜியே மாறுது. அதுக்கும் க்வெரிதான்.

புதுக்_கோடர்_திருச்சி

மேடம், க்வெரி எப்படி எழுதணும்? "இது எம்ஏஎஸ் தானே டாக்டர்?"னு கேட்கலாமா?

சிவப்பு_மை

கூடவே கூடாது. அது லீடிங் க்வெரி (பதிலை நாமளே வாயில வைக்கிறது). அஹிமாவும் ஆக்டிஸும் (அமெரிக்க கோடிங், டாக்குமெண்டேஷன் சங்கங்கள்) சேர்ந்து போட்ட க்வெரி வழிகாட்டுதல் 2022-ல புதுப்பிச்சிருக்காங்க, அதை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க. தேனீயோட சார்ட்டுக்கு நான் எழுதினா இப்படி இருக்கும்:

"டாக்டர், டிஸ்சார்ஜ் சம்மரியில் ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ் எனவும் மெக்கோனியம் கலந்த நீர் எனவும் உள்ளது. பிறந்தபோது குழந்தை துவண்டிருந்தது, ஆப்கார் 4 மற்றும் 7, பிபிவி, 6 மணி நேரம் சிபாப். எக்ஸ்ரே அறிக்கையில் திட்டுத்திட்டான ஒபாசிட்டி. முதல் நாள் நோட்டில் எம்ஏஎஸ், டிடிஎன் இரண்டும் பரிசீலனையில் இருந்தன. உங்கள் மருத்துவத் தீர்மானப்படி இந்தத் திணறலின் காரணத்தைத் தெளிவுபடுத்த முடியுமா? மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் சிண்ட்ரோம் / டிடிஎன் / வேறு காரணம் (குறிப்பிடவும்) / தீர்மானிக்க இயலவில்லை."

சார்ட்ல இருக்கிற விவரம் மட்டும், சாய்வு இல்லாம. பணம், டிஆர்ஜி, குவாலிட்டி ஸ்கோர்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. தலைப்புலயும் "எம்ஏஎஸ் க்வெரி"ன்னு போடாதீங்க, அதுவே கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி.

ப்ரோஃபீ_பாண்டி

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். நாங்க டாக்டர் பில்லிங் பக்கம், எங்களுக்கு இதே குழந்தை வேற தலைவலி. பிபிவி குடுத்திருக்காங்கன்னா 99465. கூடவே 99464 போடக் கூடாது. ஒண்ணு ரிசசிடேஷன், இன்னொண்ணு பிரசவத்துல பக்கத்துல நின்னது. டெலிவரி ரூம்ல ரிசசிடேஷனுக்காகவே இன்ட்யூபேட் பண்ணியிருந்தா 31500 தனியா வரும். அதையே என்ஐசியூல 99468 போட்ட அன்னைக்கு அங்க பண்ணியிருந்தா உள்ள அடங்கிடும். 6 மணி நேர சிபாப் குழந்தைக்கு 99468-ஆ (கிரிட்டிக்கல் கேர்) 99477-ஆன்னு (கிரிட்டிக்கல் இல்லாத தீவிரக் கவனிப்பு) எங்க ஃப்ளோர்ல நித்தம் சண்டை. கிரிட்டிக்கல்னு நோட் தாங்கணும், சிபாப் மாட்டினாங்கங்கிறதுக்காக மட்டும் ஏத்த முடியாது.

சார்ட்_தேனீ

பாண்டி அண்ணா, ஃபெசிலிட்டி பக்கம் எனக்கு சிபாப்புக்கு 5ஏ09357 வந்துச்சு, அதுல ஆடிட்டர் கை வைக்கல. 24 மணி நேரத்துக்குக் கீழ்.

புதுக்_கோடர்_திருச்சி

சம்பந்தம் இருக்கான்னு தெரியல. பால் புரையேறி ஈடிக்குக் கொண்டுவர்ற குழந்தைக்கும் பி24 தானா?

வார்டு_டு_கோடிங்

வயசைப் பாரு தம்பி. பெரினேட்டல் காலம்னா பிறந்ததுக்கப்புறம் 28-ஆம் நாள் முடிய. அதுக்குள்ள பாலையோ கக்கினதையோ மூச்சுல இழுத்துட்டதா டாக்டர் எழுதியிருந்தா பி24.30 அல்லது பி24.31, திணறலைப் பொறுத்து. ஜே69-ல (ஆஸ்பிரேஷன் நிமோனியா வகை) பி24-ஐ எக்ஸ்க்ளூட்ஸ்1-ல வச்சிருக்கான், அதனால பச்சைக் குழந்தைக்கு ஜே69.0 கிடையாது. ரெண்டு மாசக் குழந்தைக்கு ஆஸ்பிரேஷன் நிமோனியான்னா ஜே69.0.

ஆனா புரையேறி இருமினதெல்லாம் ஆஸ்பிரேஷன் இல்ல. "ஃபீடிங்ல சோக் ஆச்சு, நீலம் பாஞ்சுச்சு, தட்டினதும் சரியாச்சு"ன்னு அம்மா சொன்னதை எச்பிஐ-ல (நோய் வரலாறு பகுதி) எழுதியிருப்பாங்க. டாக்டர் பரிசோதிச்சு லங்ஸ் க்ளியர்னு சொல்லி, வெறும் கக்கல்னு முடிச்சிருந்தா பி92.1. ஆஸ்பிரேஷனோன்னு சந்தேகப்பட்டு, அப்சர்வ் பண்ணி, இல்லைன்னு தள்ளியிருந்தா இசட்05.3. இசட்05 பிறந்த 28 நாளுக்குள்ளதான் செல்லும்.

மட்டுறுத்துநர்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் சார்ட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை ஏற்றியிருந்தார். நீக்கிவிட்டோம். பெயரை மறைத்திருந்தாலும் பிறந்த தேதியும் அனுமதி நேரமும் தெரிந்தன. ஹிப்பா (அமெரிக்க நோயாளித் தகவல் பாதுகாப்புச் சட்டம்) மீறல் என்றால் வேலையோடு முடியாது. தேனீ எழுதியதைப் போல வாரக் கணக்கும் விவரமும் மட்டும் போதும்.

சார்ட்_தேனீ

அப்டேட். பி96.83-க்கு மட்டும் ரிபட்டல் போட்டேன், ஒத்துக்கிட்டாங்க. பி24.01-க்கு எரர் நிக்குது. மேடம் எழுதின மாதிரியே ஒரு க்வெரி க்ளையன்ட்டோட சிடிஐ டீம் (டாக்டர் நோட்டைத் தெளிவாக்கிக் கேட்கிறவங்க) வழியா போச்சு. பதில் வந்துடுச்சு. டாக்டர் அடெண்டம் எழுதியிருக்கார்: "டிடிஎன். மெக்கோனியம் கலந்த நீரில் பிறந்த குழந்தை; ஆஸ்பிரேஷனுக்கு மருத்துவச் சான்று இல்லை." ஃபைனலா இசட்38.00, பி22.1, பி03.82, பி08.21, 5ஏ09357. பி22.9 போயிடுச்சு. ஆக நான் போட்ட கோடும் இல்ல, ஆடிட்டர் போட்ட கோடும் இல்ல.

வார்டு அக்கா, அந்த மஞ்சள் அடிச்ச வரியை மறுபடி பார்த்தேன். ஓஜி ட்யூப்தான். மிலி மட்டும் வேற.

டார்கெட்_தாண்டவம்

பி03.82 தேவையா? குழந்தைக்கு ஆஸ்பிரேஷனே இல்லைன்னு ஆச்சே.

சிவப்பு_மை

நியூபார்னுக்கு ரிப்போர்ட் பண்ற தகுதி வேணும்: பரிசோதனை, சிகிச்சை, டயக்னாஸ்டிக் ப்ரொசீஜர், கூடுதல் நாள், கூடுதல் நர்சிங் கவனிப்பு, அல்லது பின்னாடி தேவைப்படப்போற மருத்துவம். இதுல ஒண்ணு பொருந்தினா போதும். மெக்கோனியம் காரணமா இந்தக் குழந்தைக்கு எக்ஸ்ரேயும் கண்காணிப்பும் நடந்திருக்கு, அதனால நான் வச்சுக்குவேன். பிறந்ததும் நல்லா அழுது, அம்மா பக்கத்துலயே படுத்து, மறுநாள் வீட்டுக்குப் போன குழந்தைன்னா போட மாட்டேன்.

புதுக்_கோடர்_திருச்சி

கடைசியா ஒண்ணு மேடம். எங்க க்யூல பெரிய என்ஐசியூ, நிறைய ட்ரான்ஸ்ஃபர் இன் வருது. வேற ஆஸ்பத்திரியில பிறந்து எம்ஏஎஸ்ஸும் பிபிஎச்என்னும் கன்ஃபர்ம் ஆகி இங்க அனுப்பின குழந்தைக்கு இசட்38 முதல்ல வருமா?

சிவப்பு_மை

வராது. இசட்38 பிறந்த ஆஸ்பத்திரியில, பிறந்த அட்மிஷன்ல ஒரே ஒரு தடவை. உங்க பக்கம் எந்த நோய்க்காக அனுப்பினாங்களோ அதுதான் பிரின்சிபல் (முதல் கோட்). எம்ஏஎஸ்ஸுக்குன்னா பி24.01. பிபிஎச்என்னுக்கு பி29.30 சேருங்க. பி24.01-க்குக் கீழ ஐ27.2-ஐச் சேர்க்கச் சொல்ற குறிப்பைப் பார்த்துக் குழம்பாதீங்க, அது செகண்டரி பல்மனரி ஹைப்பர்டென்ஷன்னு டாக்டர் எழுதினா. வென்டிலேட்டர்ல வந்திருந்தா உங்க ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச நேரத்துல இருந்து மணிக்கணக்கை ஆரம்பிங்க, ஆம்புலன்ஸ் நேரத்தைச் சேர்க்காதீங்க.